ஒன்பது டாலர் ஒரு பவுன்: பழைய எஃப்.பி.ஐ. ரேடியோ நாடகங்களைக் கேட்பது எப்படி

வேலூரில் 1981-ல் தபால் ஆபீஸ் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் என் கையில் கொடுத்த வேலைகளில் ஒன்று ரேடியோ லைசென்ஸ் புதுப்பிப்பது. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் வருடா வருடம் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். சில வருடங்களில் அந்த முறையே போய்விட்டது. ஆனால் புத்தகத்தை நீட்டியவர்களில் பாதிப் பேர், நேற்று ராத்திரி கேட்ட நாடகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் நகர மாட்டார்கள். படம் இல்லாமல், குரலை மட்டும் வைத்துக் கதையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது.

ரிட்டையரான பிறகு அந்தப் பழக்கம் என்னை 1940களின் அமெரிக்க வானொலிக்குக் கொண்டுபோனது. அங்கே அப்போது ஓடிய துப்பறியும் நாடகங்களில் ஒரு தனி வகை உண்டு. எஃப்.பி.ஐ. என்ற மத்திய அரசுப் புலனாய்வுத் துறையின் அதிகாரிகள் மோசடிக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் கதைகள். இப்போது ஐந்து வருடமாக, ஞாயிறு சாயங்காலம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வராந்தாவில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்கிறோம். என் மனைவி, அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன், சில வாரம் அவருடைய மருமகள். எங்களில் யாருக்கும் சரளமான இங்கிலீஷ் கிடையாது. ஆனாலும் கேட்க முடிகிறது. எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருடன் யார் என்று யோசித்துக்கொண்டு இவற்றைக் கேட்காதீர்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே அவன் யார் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இவற்றில் கேட்க வேண்டியது வேறு. ஏமாறுகிறவர் எந்த நிமிடத்தில் நம்பினார் என்பது. நாங்கள் அதை ‘நம்பிய நிமிஷம்’ என்று சொல்கிறோம். அதைக் காதால் பிடிக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. மற்றதெல்லாம் அதற்கு ஏற்பாடு.

எதில் தொடங்குவது

முதல் ஒன்றிரண்டு மாதம் ‘திஸ் இஸ் யுவர் எஃப்.பி.ஐ.’ என்ற ஒரே தொடரை மட்டும் கேளுங்கள். 1945 ஏப்ரல் 6-ல் ஏ.பி.சி. வானொலியில் தொடங்கி, 1953 ஜனவரி 30 வரை வாரம் அரை மணி நேரம் ஓடியது. நானூறுக்கு மேல் அத்தியாயங்கள். ஜெர்ரி டிவைன் தயாரித்து இயக்கினார். ஜிம் டெய்லர் என்ற அதிகாரியாக ஸ்டேசி ஹாரிஸ் பல வருடம் குரல் கொடுத்தார். எஃப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவரே வழக்குக் கோப்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார். பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கதை சொல்லியின் குரல். எந்த ஊர், எந்த நேரம், யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் அவர் நிதானமாகச் சொல்லிவிடுவார். பாத்திரங்கள் வேகமாகப் பேசும்போது பாதி வார்த்தை நழுவினாலும், கதை சொல்லியைப் பிடித்துக்கொண்டால் கரை சேர்ந்துவிடலாம்.

அடுத்து ‘தி எஃப்.பி.ஐ. இன் பீஸ் அண்ட் வார்’. சி.பி.எஸ். வானொலியில் 1944 முதல் 1958 வரை வந்தது. ப்ரோகோஃபியெவ் என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் அணிவகுப்பு மெட்டோடு தொடங்கும். லாவா சோப்பு விளம்பரம் வந்தால் முரசடிக்கு நடுவே எல்-ஏ-வி-ஏ என்று எழுத்து எழுத்தாக ஒரு கனத்த குரல் சொல்லும். என் மனைவி ஒரு வாரம் முழுக்க அதை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். இதில் கதை பெரும்பாலும் குற்றவாளியின் பக்கமாகவே நடக்கும். அவன் எப்படித் திட்டம் போடுகிறான், கூட்டாளியோடு எங்கே மனக்கசப்பு வருகிறது என்பதெல்லாம் கிடைக்கும். காது பழகியவர்களுக்கு இதுதான் நல்ல தீனி. ஆனால் பிழைத்திருக்கும் ஒலிப்பதிவுகள் முதல் தொடரைவிடக் குறைவு.

‘கேங் பஸ்டர்ஸ்’ பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1935-ல் ‘ஜி-மென்’ என்ற பெயரில் தொடங்கி மறு வருடம் பெயர் மாறிய தொடர். விசில், சைரன், துப்பாக்கி என்று ஆரம்பமே அமர்க்களம். கொள்ளைக்காரர்கள்தான் அதிகம், மோசடி குறைவு. அது அப்புறம்.

எல்லாமே இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தொடரின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுங்கள். ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு வரிசைப்படுத்தி ஏற்றியிருக்கும் தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கோப்பின் பெயரில் 48-10-22 என்பதுபோல எண்கள் இருக்கும். வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் படிக்க வேண்டும். ஓர் அத்தியாயம் ஏழு எம்.பி.யிலிருந்து பதினைந்து எம்.பி.க்குள் இருக்கும், போனுக்குப் பாரமில்லை. இதே கோப்புகளைக் காட்டி கார்டு நம்பர் கேட்கும் தளங்களும் உண்டு. மோசடி நாடகம் கேட்கப் போய் அங்கே கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்.

காதைத் தயார் செய்வது

இந்த நாடகங்களைப் பதினாறு அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம்தான் பிடிக்கும். அதனால் அரை மணி நாடகத்தில் நடுவே ஒரு குதிப்பு கேட்கும், சில இடத்தில் சத்தத்தின் அளவே மாறும். போன் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், தட்டைத் திருப்பியிருக்கிறார்கள் அவ்வளவுதான். சில கோப்புகளில் எல்லோருமே கீச்சுக்குரலில் பேசுவார்கள். பிற்காலத்தில் தட்டிலிருந்து எடுத்தவர் வேகத்தைச் சரியாக வைக்கவில்லை.

வி.எல்.சி. செயலியில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். நாங்கள் 0.85-ல் வைத்துத் தொடங்கினோம். மூன்று மாதம் கழித்து 0.95. இப்போது சாதாரண வேகத்திலேயே கேட்கிறோம். 0.8-க்குக் கீழே போகாதீர்கள், பேசுகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிடும். ஒலியமைப்பில் தடித்த ஓசையைக் குறைத்து மெல்லிய ஓசையை ஏற்றுங்கள். பழைய தட்டின் இரைச்சல் கொஞ்சம் கூடும், ஆனால் வார்த்தையின் ஓரம் தெளிவாகும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஃபேன் சத்தமும் தட்டின் இரைச்சலும் ஒன்று சேர்ந்தால் எதுவும் காதில் விழாது. மே மாதத்து வேலூரில் ஃபேன் இல்லாமல் யார் உட்காருவது என்பீர்கள். அந்த இரண்டு மாதம் நாங்கள் ஏழரை மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறோம்.

சில சொற்களை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். ஸ்விண்டில், பங்கோ இரண்டும் மோசடி. ராக்கெட் என்றால் தொழிலாகவே நடத்தும் மோசடி. மார்க் என்பவர் ஏமாறப் போகிறவர். ஃபோனி என்றால் போலி. ஷில் என்பவன் கூட்டத்தில் நின்று, தானே ஜெயித்ததுபோலக் காட்டி மற்றவர்களைத் தூண்டுகிறவன். திருவிழாக் கூட்டத்தில் மூணு சீட்டு விளையாட்டு பார்த்தவர்களுக்கு இவனைத் தெரியாமல் இருக்காது, அவனுக்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் எனக்குப் புதிது. டி-மேன் என்று கேட்டால் அது கருவூலத் துறை அதிகாரி. அந்த நாளில் கள்ளநோட்டைப் பிடிக்கும் சீக்ரெட் சர்வீஸ் கருவூலத் துறையின் கீழேதான் இருந்தது.

‘செக் கைட்டிங்’ என்று வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதையே புரியாது. ஒருவன் இரண்டு ஊரில் இரண்டு வங்கியில் கணக்குத் தொடங்குகிறான். கையில் பணம் இல்லை. முதல் வங்கியின் செக்கை இரண்டாம் வங்கியில் போடுகிறான். அந்தச் செக் தபாலில், ரயிலில் பயணம் செய்து முதல் வங்கிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் இரண்டாம் வங்கியிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துவிட்டு, பள்ளத்தை மூட இன்னும் பெரிய செக்கை எதிர்ப்பக்கம் அனுப்புகிறான். செக்குகள் வழியில் இருக்கும் வரை அவன் பணக்காரன். அதனால்தான் இந்த வகைக் கதைகளில் வார நாளும் விடுமுறை நாளும் அவ்வளவு முக்கியமாகப் பேசப்படும். செக் பணமாகும் வரை நானே கிளியரிங் லிஸ்டோடு காத்திருந்தவன் என்பதால் அந்த இடங்களில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும்.

டாலரைப் பவுனாக்குங்கள்

எங்களுக்கு முதலில் பெரிய தடை பணம்தான். ஒரு விதவை 2,000 டாலரைப் பறிகொடுத்தாள் என்று கதையில் வந்தால், அது பெரிய தொகையா சின்னத் தொகையா என்று தெரியாமல் எப்படி வருத்தப்படுவது? இன்றைய ரூபாய்க் கணக்கில் பெருக்கினால் ஒரு மோட்டார் சைக்கிள் விலைபோல வரும். அது தப்பான அளவு.

அமெரிக்க அரசு 1934-லிருந்து 1971 வரை தங்கத்துக்கு வைத்திருந்த விலை அவுன்ஸுக்கு 35 டாலர். தங்கம் நிறுக்கும் அவுன்ஸ் 31.1 கிராம். நம் பவுன் 8 கிராம். ஆக ஓர் அவுன்ஸ் கிட்டத்தட்ட நாலு பவுன், ஒரு பவுன் ஒன்பது டாலர். நாடகத்தில் எந்தத் தொகை வந்தாலும் ஒன்பதால் வகுத்துப் பவுனாகச் சொல்லுங்கள். 2,000 டாலர் என்பது 220 பவுனுக்கு மேல். முதல் தடவை நான் இதைச் சொன்னபோது என் தங்கை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “இருநூறு பவுனா! இன்னாண்ணா சொல்ற, அந்தம்மா உயிரோட இருந்துச்சா?” என்று கேட்டாள். அதுவரை நாடகம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த நிமிடம் அந்த வீட்டுக்குள் போய்விட்டாள்.

பவுன் கணக்கு கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பது உண்மைதான். சரிபார்க்க வேறொரு அளவும் வைத்திருக்கிறேன். 1947-ல் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருட வருமானம் சுமார் 3,000 டாலர். 2,000 டாலர் போனால் எட்டு மாதச் சம்பளம் போன மாதிரி. இரண்டில் எது உங்கள் கூட்டத்துக்கு உறைக்கிறதோ அதைச் சொல்லுங்கள். எங்கள் வராந்தாவில் பவுன்தான்.

வழக்கு எங்கே மத்திய அரசுக்குப் போகிறது

ஒவ்வொரு நாடகத்திலும் உள்ளூர்ப் போலீஸிடமிருந்து வழக்கு மத்திய அதிகாரிகளிடம் மாறும் இடம் ஒன்று உண்டு. அதைக் கவனித்துக் கேட்டால் கதையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். அமெரிக்காவில் சாதாரணத் திருட்டும் ஏமாற்றும் மாநிலத்தின் பொறுப்பு. மாநில எல்லையைத் தாண்டினால், தபாலைப் பயன்படுத்தினால், மத்திய அதிகாரி என்று வேஷம் போட்டால், அப்போதுதான் மத்திய அரசு உள்ளே வரும். 1934-ல் வந்த ஒரு சட்டப்படி, திருட்டோ மோசடியோ செய்து எடுத்த 5,000 டாலர் அல்லது அதற்கு மேல் பெறுமானமுள்ள பொருள் மாநில எல்லை கடந்தால் அது மத்தியக் குற்றம். அதனால்தான் நாடகத்தில் ஐயாயிரம் என்ற எண்ணும், ஊர்ப் பெயர்களும் அவ்வளவு அழுத்தமாகக் காதில் விழும்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைக் கடந்தால் ஆந்திரா. இங்கே ஏமாற்றியவன் ஒரு மணி நேரத்தில் சித்தூரில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். “அவன் செக்போஸ்ட் தாண்டிட்டான்” என்று நாடகத்தின் நடுவே நான் சொன்னால் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

தபால் வழியாக நடக்கும் மோசடி எனக்குத் தனிப்பட்ட விஷயம். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பெரியவர் பத்திரிகை விளம்பரம் பார்த்துக் கைக்கடிகாரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். வி.பி.பி.யாக, அதாவது பணம் கட்டினால்தான் கையில் கொடுக்கும் பார்சலாக வந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என் எதிரிலேயே பிரித்தார். மேலே வைக்கோல், அதற்குக் கீழே பழைய பேப்பரில் சுற்றிய அரைச் செங்கல். எடை சரியாக இருக்க வேண்டும் என்று ஓரத்தைக் கொத்திவிட்டிருந்தார்கள். அந்தப் புதுக் கொத்து செக்கச் செவேலென்று இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. செங்கலை மறுபடியும் அதே பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அமெரிக்காவில் 1872-லேயே தபால் மோசடிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, அதைத் தேடிப் பிடிக்கவே தபால் துறைக்குச் சொந்தப் புலனாய்வு அதிகாரிகள் இருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இந்த வகைக் கதைகளைக் கேட்கும் முன் சார்ல்ஸ் போன்ஸியின் உண்மைக் கதையை ஒருமுறை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 1920-ல் பாஸ்டனில், 45 நாளில் ஐம்பது சதவீத லாபம் என்று பணம் திரட்டினார். எதில் லாபம் என்று கேட்டால் சர்வதேசப் பதில் தபால் கூப்பனைக் காட்டினார். அந்தக் கூப்பனை நான் கையால் விற்றிருக்கிறேன். வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதுகிறவர்கள், பதில் வருவதற்கான தபால் செலவை இங்கிருந்தே கட்டி அனுப்ப அதை வாங்குவார்கள். ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் தபால்தலையாக மாற்றினால் சில காசு மிஞ்சும், அது நிஜம். ஆனால் அவர் வாங்கிய பணத்துக்குப் பதினாறு கோடிக் கூப்பன் வேண்டியிருந்தது. புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000. பழைய ஆட்களுக்குப் புதிய ஆட்களின் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தபால் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

நான் இதோடு நம் ஊர்க் கணக்கையும் வைப்பேன். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது பணம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று நாங்கள் விற்றோம். சர்க்கார் கொடுத்தது அது. 2023 ஏப்ரலில் அறிவித்த வட்டிப்படி அதே பத்திரம் இரட்டிப்பாக 115 மாதம். இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், நாடகத்தில் யாராவது 90 நாளில் இரட்டிப்பு என்று சொல்லும்போது விளக்கமே தேவைப்படாது.

நிறுத்த வேண்டிய நிமிஷம்

இனி முக்கியமான விஷயம். ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் ஓடும்போது, ஏமாறப் போகிறவர் நம்பிவிட்டார் என்று யாருக்குத் தோன்றினாலும் கையைத் தூக்கலாம். உடனே நிறுத்தி, எத்தனையாவது நிமிடம், யார் என்ன சொன்னபோது என்று எழுதுங்கள். அதற்கு மேல் விவாதம் வேண்டாம், மறுபடி ஓட விடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் கை தூக்கியிருப்பார்கள். அந்த வித்தியாசத்தில்தான் பேச விஷயம் இருக்கிறது.

ஏமாற்றுக்காரன் பணத்தைக் கேட்கும் இடத்தில் நம்பிக்கை பிறப்பதில்லை. எங்கள் நோட்டில் அப்படி ஒரு பதிவுகூட இல்லை. அதற்கு நாலைந்து நிமிடம் முன்னால், அவன் எதையோ வேண்டாம் என்று மறுக்கும் இடத்தில் பிறக்கிறது. இந்த ஆட்டத்தில் அது பழைய பழக்கம், நாடகங்களிலும் வரும். நீட்டிய பணத்தை, இப்போது அவசரமில்லை, யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று திருப்பித் தருவான். கேட்கிற நமக்கே அவன் நல்லவன்போலத் தோன்றும்.

என் தங்கை நகைச் சீட்டில் பணத்தைப் பறிகொடுத்தவள். முதல் வருடம் சொன்ன தேதியில் சொன்ன எடை வந்தது, கூடவே ஒரு குத்துவிளக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் தன் பேரில் ஒன்று, இரண்டு மகள்கள் பேரில் இரண்டு என்று மூன்று சீட்டு சேர்ந்தாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடை பூட்டிக் கிடந்தது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். நான்கூட கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடகத்தில் அப்படிப் பணத்தை மறுக்கும் இடத்தில் அவள் கை தூக்கினாள். நிறுத்தினேன். “வசூலுக்கு வருவாரே, அவரும் இப்படித்தாண்ணா. டீ போட்டு எடுத்துட்டு வந்தா வேணாம்மா, டூட்டில எதுவும் சாப்பிட மாட்டேன்னுவாரு. ஒரு டீகூட குடிக்காத மனுஷன்னு நான்தான் நாலு பேர்கிட்ட சொன்னேன்” என்றாள். அன்றைக்கு மீதி நாடகத்தை நாங்கள் கேட்கவில்லை. அவள் பேசினாள், நாங்கள் கேட்டோம்.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். நிறுத்தின இடத்தில் யாராவது தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், நாடகம் காத்திருக்கலாம். அவ்வளவு படித்தும் எப்படி ஏமாந்தீர்கள் என்ற கேள்வியை எங்கள் வராந்தாவில் யாரும் கேட்கக் கூடாது.

நம்பிய நிமிஷத்துக்குப் பிறகு காதை இரண்டு விஷயத்தில் வையுங்கள். ஒன்று அவசரம்: இன்றைக்கே, இந்த ரயிலுக்குள், வங்கி மூடுவதற்குள். இன்னொன்று ரகசியம்: உங்கள் அண்ணனிடம் சொல்ல வேண்டாம், வக்கீல் எதற்கு, நமக்குள் இருக்கட்டும். போர் முடிந்த வருடங்களின் அத்தியாயங்களில் ஊர் திரும்பிய சிப்பாய்கள் அடிக்கடி வருவார்கள். கையில் மொத்தமாகப் பணம், சிவில் வாழ்க்கை பழக்கமில்லை. வேலூர் ஜில்லாவில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உள்ள ஊர்கள் உண்டு, ஆகவே இவை இங்கே அந்நியமாகவே படாது.

எங்கள் சுபேதார் அண்ணனுக்குப் போன வருடம் வீடியோ கால் வந்தது. யூனிஃபார்மில் ஒருவன், சி.பி.ஐ. என்றான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. அண்ணன் போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “தம்பி, அவசரமும் ரகசியமும் ரெண்டுமே வந்துடுச்சு” என்றார். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னோம். அந்த எண்ணையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தமிழில் திருப்பிச் சொல்வது

இங்கிலீஷே வராதவர்கள் கூட்டத்தில் இருந்தால், ஒருவர் முன்கூட்டியே இரண்டு முறை தனியாகக் கேட்டுவிட வேண்டும். நான் சனிக்கிழமை காலை கோட்டை அகழி ஓரம் நடக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். ஞாயிறு அன்று காட்சிக்குக் காட்சி நிறுத்தித் தமிழில் சொல்வேன். வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், நாடகம் செத்துவிடும். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு என்ன வேண்டும், இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு மீதியைக் குரலுக்கு விடுங்கள். பயம், குழைவு, பொய்ச் சிரிப்பு, இதற்கெல்லாம் மொழி தேவைப்படாது. பொய் சொல்லும் குரலை முதலில் கண்டுபிடித்துக் கை தூக்குவது எப்போதும் என் மனைவிதான். அவள் ஏழாவதோடு பள்ளியை நிறுத்தியவள்.

எதை நம்பக் கூடாது

முதலில் சொன்ன தொடர் எஃப்.பி.ஐ.யின் சம்மதத்தோடு வந்தது என்பதை மறக்கக் கூடாது. ‘திஸ் இஸ் யுவர் எஃப்.பி.ஐ.’யின் கதைகள் ஹூவரின் அலுவலகத்தின் பார்வைக்குப் போகாமல் ஒலிபரப்பாகவில்லை. அதனால் அதிகாரி தவறே செய்ய மாட்டார், தோற்கவே மாட்டார். இடையில் வரும் விளம்பரத்தைக் கவனியுங்கள், எக்விடபிள் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம். நாட்டின் பாதுகாப்புக்கு எஃப்.பி.ஐ., உங்கள் பணத்தின் பாதுகாப்புக்கு நாங்கள் என்ற தொனியில் இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வார்கள். நம்பிக்கை எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்படுகிறது என்று பார்க்க அந்த விளம்பரமே நல்ல பாடம். நாங்கள் அதற்கும் கை தூக்குவதுண்டு.

இன்னொரு குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் கைது நடக்கும், இத்தனை வருடத் தண்டனை என்று அறிவிப்பார்கள், இசை வரும். அந்த அம்மாவின் பணம் திரும்பி வந்ததா? பெரும்பாலும் ஒரு வார்த்தை இருக்காது. நம் ஊரில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் வந்தது, மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்றுப் பணம் கொடுக்க அதில் வழி உண்டு. பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, ரசீது, பாஸ் புத்தகம், அட்டை எல்லாவற்றின் நகலும் சேர்க்க வேண்டும். என் தங்கை மூன்று சீட்டு அட்டைகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். புகார் கொடுத்தாயிற்று. காத்திருக்கிறோம். நாடகம் முடிந்ததும் இந்தப் பகுதியை நாங்களே பேசிக்கொள்கிறோம், ரேடியோ விட்ட இடத்திலிருந்து.

இந்த இரண்டு தொடரும் பழகிய பிறகு ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ எடுங்கள். இவர் மத்திய அதிகாரி இல்லை, காப்பீட்டு மோசடியை விசாரிப்பவர். ஆனால் கதை முழுவதையும் தன் செலவுக் கணக்காகவே சொல்வார்: டாக்ஸிக்கு இவ்வளவு, ரயில் டிக்கெட்டுக்கு இவ்வளவு, ஒருவனைப் பேசவைக்க வாங்கிக் கொடுத்த சாப்பாட்டுக்கு இவ்வளவு. முப்பது வருடத்துக்கு மேல் பயணப்படி பில் எழுதியவனுக்கு இதைவிடப் பிடித்த கதை வடிவம் கிடையாது. 1949-ல் தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரை வந்தது. பாப் பெய்லி நடித்த காலத்தில், 1955 அக்டோபரிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் பதினைந்து நிமிடமாக ஒரே கதையை ஐந்து நாளில் சொன்னார்கள். அந்த ஐந்து பாகங்களையும் ஒரே நாளில் கேட்டுவிடாதீர்கள். இங்கே ராத்திரி எட்டு மணிக்கு, அடுப்பை அணைத்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பாகம். நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பி, செலவுத் தொகையை இடது பக்கமும் அதைப் பவுனாக மாற்றி வலது பக்கமும் எழுதிக்கொண்டே வாருங்கள்.